“எல்லார் முன்னாலயும் சொல்லச் சொல்லுவாங்களா?” – மகளின் குழு சிகிச்சை பற்றி ஒரு தாயின் கேள்வி

திருப்பூர் மாவட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுக் கடிதத்தின் சாரத்தைத் தருகிறோம்.

அவருக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கணவர் விசைத்தறி ஓட்டுகிறார். பதினைந்து வயது மகள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். கணவருக்குப் பங்காளி முறையாகும் ஒருவர், தோட்டத்துச் சாளையில் வைத்து ஒன்றரை வருடமாக அவளுக்குப் பாலியல் கொடுமை செய்திருக்கிறார். எட்டு மாதத்துக்கு முன் அவள் வகுப்பு ஆசிரியையிடம் சொல்ல, குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குத் தகவல் போனது. அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் போக்சோ வழக்குப் பதிவாகி, குற்றப்பத்திரிகையும் தாக்கலாகிவிட்டது. அந்த ஆள் இப்போது ஜாமீனில் இருக்கிறார். மகள் பத்துத் தடவை தனிக் கவுன்சலிங் போய் வந்திருக்கிறாள். முன்னைவிடப் பரவாயில்லை என்றாலும் ராத்திரி விளக்கை அணைக்க விடுவதில்லை. பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டு கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறாள். பீடி வாசம் அடித்தால் குமட்டுகிறது.

இப்போது கவுன்சலர், இதே போலப் பாதிக்கப்பட்ட பெண்பிள்ளைகளுக்காகக் கோவையில் சனிக்கிழமைகளில் நடக்கும் பன்னிரண்டு வாரக் குழு சிகிச்சையில் சேர்க்கலாம் என்கிறார். தாய்க்குப் பயம். எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொல்லச் சொல்வார்களா? மற்ற பிள்ளைகளின் கதையைக் கேட்டு இவள் இன்னும் உடைந்துபோவாளா? நம் பக்கத்து ஆள் யாராவது அங்கே இருந்தால்? சாட்சி சொல்லும்வரை யாரிடமும் பேசக் கூடாது என்று தெரிந்த வக்கீல் குமாஸ்தா சொன்னாராம். “பரீட்சை முடியட்டும், அதுக்குள்ள மறந்துருவா” என்பது கணவர் பேச்சு. “நாலு பேருக்குத் தெரிஞ்சா ஆரு பொண்ணு கேட்டு வருவாங்க, பதினெட்டு ஆனதும் மாமன் பையனுக்கே கட்டி வெச்சரலாம்” என்பது பெரியம்மா பேச்சு. மகள் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள்: “அங்க வர்றவங்களுக்கும் எனக்கு நடந்த மாதிரியேதானாம்மா?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சொன்னதை நீங்கள் நம்பினீர்கள். பங்காளி வீடு என்று தெரிந்தும் வழக்கிலிருந்து பின்வாங்கவில்லை. இப்படிப் பாதிக்கப்பட்ட பிள்ளை மீண்டு வருவதில், வீட்டில் ஒரு பெரியவராவது நம்பிக் கூட நின்றாரா என்பதற்குப் பெரிய பங்கு உண்டு. அந்த அஸ்திவாரத்தை நீங்கள் போட்டுவிட்டீர்கள். அதன் மேல்தான் இனி எந்தச் சிகிச்சையும் நிற்கும்.

உங்கள் முதல் கேள்விக்கு நேர்ப் பதில்: சொல்லச் சொல்ல மாட்டார்கள். சொல்லச் சொல்லுகிற குழுவாக இருந்தால் அங்கே அனுப்பாதீர்கள்.

குழுவில் என்ன நடக்கும்?

வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக நடந்ததைச் சொல்லி அழுவார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடந்ததை விரிவாகச் சொல்வது சிகிச்சையில் உண்டு என்பது உண்மை. அப்படிச் செய்யும் சிகிச்சைக்கு, அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று பெயர். ஜூடித் கோஹன், ஆந்தனி மேனரினோ, எஸ்தர் டெப்ளிங்கர் ஆகிய மூவர் அமெரிக்காவில் உருவாக்கிய முறை. வழக்கமாக 12 முதல் 16 அமர்வுகள் பிடிக்கும். அதில் நடந்ததைச் சொல்லும் பகுதி, பிள்ளையும் சிகிச்சையாளரும் மட்டும் இருக்கும் அறையில் நடப்பது. மூச்சைச் சீராக்கவும் பொங்கி வரும் உணர்ச்சியை அடக்கியாளவும் பழகிய பிறகுதான் அதைத் தொடுவார்கள், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. உலக சுகாதார நிறுவனம் 2017ல் வெளியிட்ட வழிகாட்டுதலும், பாலியல் கொடுமைக்குப் பின் அதிர்ச்சி அறிகுறிகள் உள்ள பிள்ளைகளுக்கு இந்த வகைச் சிகிச்சையைத்தான் சொல்கிறது. பாதுகாப்பாக இருந்தால், குற்றத்தில் சம்பந்தமில்லாத அப்பா அம்மாவையும் அதில் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது.

ஆகவே குழுவில் சேர்ந்தாலும் தனி அமர்வை நிறுத்தக் கூடாது. இரண்டும் கூடவே நடக்கட்டும், வாரம் ஒன்று இல்லாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு ஒன்றாவது. “குழு இருக்கே, தனியா எதுக்கு” என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

தனி அறையில் எவ்வளவு நல்ல சிகிச்சையாளராலும் முழுதாகச் செய்ய முடியாத ஒரு வேலை உண்டு. “எனக்கு மட்டும்தான் இப்படி. எங்கிட்டத்தான் ஏதோ தப்பிருக்கு” என்கிற நினைப்பை உடைப்பது. பெரியவர் ஒருவர் “உன் மேல் தப்பில்லை” என்று நூறு முறை சொன்னாலும், ‘ஆறுதலுக்குச் சொல்றாங்க’ என்றே பிள்ளைக்குப் படும். தன் வயதுப் பெண் ஒருத்தி, தன்னைப் போலவே விளக்கைப் போட்டுத் தூங்குகிறவள், எதிரில் உட்கார்ந்து தலையாட்டும்போது வேறு மாதிரி இறங்கும். உங்கள் மகள் கேட்டாளே, அந்தக் கேள்விதான் குழு சிகிச்சைக்கே அடிப்படை. அவளிடம் இப்படிச் சொல்லலாம்: “ஆமாங் கண்ணு. எல்லாருக்கும் ஒரே மாதிரி நடந்திருக்காது. ஆனா அதுக்கப்புறம் வர்ற பயம், கூச்சம், கோவம் எல்லாம் அவுங்களுக்கும் இருக்கு. நடந்ததை அங்க ஆருகிட்டயும் சொல்லோணும்னு கட்டாயமில்லை.” இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

குழுவாகச் சிகிச்சை தந்தால் பலன் உண்டா என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். காங்கோவில் போருக்கும் பாலியல் சுரண்டலுக்கும் நடுவில் சிக்கிய, 12 முதல் 17 வயதுள்ள 52 சிறுமிகளிடம் நடந்த ஆய்வு 2013ல் வெளியானது. குழுவாகப் 15 அமர்வுகள் பெற்ற பிள்ளைகளுக்கு, சிகிச்சைக்குக் காத்திருந்த பிள்ளைகளைவிட அதிர்ச்சி அறிகுறிகளும் மனச்சோர்வும் நன்றாகக் குறைந்தன. இருந்தாலும் தனிச் சிகிச்சைக்குத்தான் இன்று சான்றுகள் அதிகம் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு சனிக்கிழமை எப்படிப் போகும் என்று சொன்னால் உங்கள் பயம் குறையும். ஒன்றரை மணி நேரம். முதல் பத்து நிமிடம், இந்த வாரம் எப்படி இருந்தது என்பதற்குப் பூஜ்ஜியம் முதல் பத்துவரை ஒரு எண் சொல்வார்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை, எண் போதும். பிறகு உடலை அமைதிப்படுத்தும் பயிற்சி: நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுவது. நினைவு திடீரென்று அடித்துக்கொண்டு வரும்போது கண்ணில் படும் ஐந்து பொருள், தொட முடிகிற நாலு, காதில் விழும் மூன்று சத்தம், இரண்டு வாசம், ஒரு ருசி என்று எண்ணி, இருக்கும் இடத்துக்கு மனதைத் திருப்பிக் கொண்டுவருவது. பஸ்ஸில் பீடி வாசம் அடிக்கும்போது உங்கள் மகளுக்கு உதவக்கூடியது இதுதான். அந்த வாசம் ஏன் அப்படிச் செய்கிறது என்று மூளையின் வேலையை விளக்கிச் சொல்வதும் ஒரு நாள் பாடமாக இருக்கும்.

அடுத்து வருவது அன்றைக்கான முக்கிய வேலை. ஒரு நாள் பொறுப்பு வட்டம் போடுவார்கள். தாளில் ஒரு வட்டம் வரைந்து, நடந்ததற்கு யார் யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்று பங்கு பிரிக்க வேண்டும். பல பிள்ளைகள் தங்களுக்கே பெரிய பங்கை எடுத்துக்கொள்வார்கள். நான் ஏன் அங்கே போனேன், ஏன் கத்தவில்லை, அவர் வாங்கித் தந்ததை ஏன் தின்றேன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு. குழுவை நடத்துகிறவர் அதைத் தவறு என்று சொல்ல மாட்டார். “இதே துண்டை உன் பக்கத்தில் இருப்பவள் தனக்கு எழுதியிருக்கிறாள், அது சரியா?” என்று கேட்பார். அடுத்தவளுக்கு என்றதும், “இல்லைக்கா, அவ சின்னப் பொண்ணு, அவ என்ன பண்ணுவா?” என்று பதில் உடனே வரும். அந்தப் பதிலைத் தன் வட்டத்துக்கும் பொருத்திப் பார்க்கும்போது கோடுகள் நகரத் தொடங்கும். பேராபத்தில் உடம்பு தானாகவே உறைந்துபோவதும் உண்டு, கத்தவோ ஓடவோ முடியாமல் போவது சம்மதம் ஆகாது என்பதையும் அன்றே சொல்லித் தருவார்கள். இங்கே யாரும் சம்பவத்தை விவரிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனாலும் பெரிய வேலை நடந்துவிட்டது.

கடைசிப் பதினைந்து நிமிடம் இறங்கி வருவதற்கு. வரைவது, பாட்டு, டீ பிஸ்கட் என்று எதுவாகவும் இருக்கலாம். மறுபடி எண் சொல்லிவிட்டுப் போவார்கள். வந்தபோது இருந்ததைவிட எண் மோசமாக இருக்கும் பிள்ளையைத் தனியாகப் பேசாமல் அனுப்பக் கூடாது.

மற்றவர்கள் கதையைக் கேட்டு உடைந்துபோவாளா?

சரியாக நடத்தாத குழுவில் இது நடக்கும். முதல் வாரமே ஒரு பிள்ளை எல்லாவற்றையும் கொட்டிவிட, மற்றவர்கள் விறைத்துப்போவார்கள், கொட்டிய பிள்ளையும் வெட்கப்பட்டு அடுத்த வாரம் வரமாட்டாள். அதனால்தான், விவரம் தொடங்கும்போதே மென்மையாக நிறுத்தி, “இது முக்கியம், இதை உன் தனி அமர்வில் பேசுவோம்” என்று திருப்பத் தெரிந்தவர் வேண்டும். இன்னொரு சிக்கல் ஒப்பிடுவது. “அவளுக்கு நடந்ததோட பார்த்தா எனக்கு ஒண்ணுமே இல்ல, நான் எதுக்கு அழுவறேன்” என்று தன் வலியைச் சிறுசாக்கிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. மூன்றாவது, கையைக் கீறிக்கொள்வது போன்ற பழக்கம் ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குப் பரவுவது. அதைப் பற்றிய பேச்சைக் குழுவில் அனுமதிக்கக் கூடாது, தனியாகத்தான் கையாள வேண்டும். நான்காவது, பிள்ளைகள் தங்களுக்குள் வாட்ஸ்அப் குரூப் தொடங்கி, ராத்திரி பதினோரு மணிக்கு ஒருத்தி அனுப்பும் செய்தியை மற்ற ஏழு பேரும் தனியாகச் சுமப்பது. குழு முடியும்வரை வெளித்தொடர்பு வேண்டாம் என்பது நல்ல விதி.

முதல் இரண்டு மூன்று வாரம் தூக்கம் கொஞ்சம் கெடலாம், எரிச்சல் கூடலாம். அது எதிர்பார்க்க வேண்டியதே. ஆனால் சாவைப் பற்றிப் பேசினாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, சாப்பாடும் தூக்கமும் நாள் கணக்கில் நின்றுபோனாலோ அடுத்த சனிக்கிழமைவரை காத்திருக்காதீர்கள். அன்றே குழு நடத்துகிறவரை அழையுங்கள். அவர் எடுக்கவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 எந்த நேரமும் இருக்கிறது, தமிழில் பேசலாம். பக்கத்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் நேரே போகலாம்.

சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

நீங்களே போய் முகத்துக்கு நேரே கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். தொழில் தெரிந்தவர் இந்தக் கேள்விகளை வரவேற்பார்.

• எத்தனை பேர்? ஆறு முதல் எட்டு நல்லது. பத்துக்கு மேல் போனால் அது வகுப்பாகிவிடும்.

• எத்தனை பேர் நடத்துகிறார்கள்? இருவர் வேண்டும். ஒரு பிள்ளை அழுதுகொண்டு வெளியே போனால் ஒருவர் கூடவே போக வேண்டும், இன்னொருவர் உள்ளே இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் என்றால் தயங்குங்கள்.

• அவர்களின் படிப்பு என்ன? மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். எண்ணைக் கேட்கலாம். பதின்வயதுப் பிள்ளைகளின் அதிர்ச்சி சிகிச்சையில் தனிப் பயிற்சி உண்டா என்றும் கேளுங்கள்.

• மூடிய குழுவா? அதாவது தொடங்கியவர்களே கடைசிவரை. வாரம் ஒரு புது முகம் வந்தால் நம்பிக்கை வளராது. வயதும் முக்கியம். 13 முதல் 15 வரை ஒன்று, 16 முதல் 18 வரை ஒன்று என்று பிரிப்பது வழக்கம். ஆண்பிள்ளைகளும் இந்தக் கொடுமைக்கு ஆளாகிறார்கள், அவர்களுக்குத் தனிக் குழு வேண்டும்.

• சேர்க்கும் முன் தனியாகப் பேசிப் பார்ப்பார்களா? ஒன்று முதல் மூன்று சந்திப்பாவது நடக்க வேண்டும். பணம் கட்டியதும் நேரே உள்ளே விடும் இடம் வேண்டாம்.

• போட்டோ எடுப்பார்களா? நன்கொடையாளர் வந்தால், விழா நடந்தால்கூட முகமோ முதுகோ எதுவும் கூடாது. இதை எழுத்திலேயே வாங்குங்கள்.

எல்லாப் பிள்ளைக்கும் எல்லா நேரத்திலும் குழு பொருந்தாது. நடந்து சில வாரமே ஆனவர்கள், கொடுமை இன்னும் நிற்காதவர்கள், தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவர்கள் முதலில் தனிச் சிகிச்சையில் நிலைப்பட வேண்டும். உங்கள் மகள் எட்டு மாதம் கடந்து, பத்து அமர்வு முடித்து, தானே கேள்வி கேட்கும் நிலையில் இருக்கிறாள். கவுன்சலர் இந்த நேரத்தைத் தேர்ந்தது சரியென்றே படுகிறது. ஒரே ஒரு விஷயம் உறுத்துகிறது, ஜாமீனில் இருக்கும் அந்த ஆள். அதற்குப் பிறகு வருகிறேன்.

நம் பக்கத்து ஆள் இருந்தால்?

இந்தப் பயம் வீண் பயம் இல்லை. பல்லடத்தில் பெண் எடுத்து, காங்கேயத்தில் பெண் கொடுத்து, கோவையில் கடை வைத்திருக்கும் நம் சொந்தங்களுக்குள் செய்தி நடக்கும் வேகம் எல்லோருக்கும் தெரியும். ஆகவே முன்சந்திப்பிலேயே உங்கள் ஊர், மகளின் பள்ளி, குலதெய்வக் கோயில் எந்த ஊர் என்பதுவரை நடத்துகிறவரிடம் சொல்லிவிடுங்கள். ஒரே பள்ளி, ஒரே ஊர், ஒரே சொந்தம், ஒரே குற்றவாளி என்று எந்தத் தொடர்பும் உள்ள இருவரை ஒரு குழுவில் சேர்க்கக் கூடாது. அவர்தான் இதைச் சரிபார்க்க வேண்டும். குழுவுக்குள் முழுப்பெயரும் ஊரும் தேவையில்லை. பிள்ளை விரும்பும் பெயரை வைத்துக்கொள்ளலாம். இவ்வளவுக்குப் பிறகும் வாசலில் தெரிந்த முகத்தைப் பார்த்தால், பேசாமல் திரும்பி வந்து நடத்துகிறவருக்குப் போன் செய்வது என்று மகளோடு முன்பே பேசி வையுங்கள்.

இரகசியம் காக்கும் கடமை நடத்துகிறவர்களுக்குச் சட்டப்படியும் தொழில் முறைப்படியும் உண்டு. பிள்ளைகளுக்கு அது ஒருவருக்கொருவர் தரும் வாக்கு மட்டுமே. பதின்வயதில் அதை மிக உறுதியாகக் காப்பவர்களே அதிகம் என்றாலும், முழு உத்தரவாதம் யாராலும் தர முடியாது. இந்த இரகசியத்துக்கு ஒரு எல்லையும் இருக்கிறது. குழுவில் ஒரு பிள்ளை இதுவரை வெளிவராத குற்றத்தைச் சொன்னால், போக்சோ பிரிவு 19ன்படி நடத்துகிறவர் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். முதல் நாளே இதைப் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள்.

பாதிக்கப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவது போக்சோ பிரிவு 23ன்படி குற்றம், தண்டனை ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சொந்தக்காரர் யாராவது அவள் பெயரையோ படத்தையோ பரப்பினால் தயங்காமல் புகார் கொடுங்கள்.

சனிக்கிழமை எங்கே போகிறீர்கள் என்று கேட்பவர்களிடம், “டாக்டரப் பாக்கப் போறம்” என்றால் போதும். ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் அது இது என்று கதை கட்டாதீர்கள். அந்தப் பொய்யைப் பன்னிரண்டு வாரம் காப்பாற்றும் வேலை கடைசியில் பிள்ளையின் தலையில்தான் விழும்.

வழக்கும் சிகிச்சையும்

சாட்சி சொல்லும்வரை பேசக் கூடாது என்று உங்களுக்குச் சொன்னது தவறு. சாட்சியம் முடியும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடச் சட்டம் சொல்லவில்லை. நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்டதிலிருந்து 30 நாளுக்குள் பிள்ளையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும், முடிந்தவரை ஒரு வருடத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்று போக்சோ பிரிவு 35 சொன்னாலும், நடைமுறையில் தாமதம் ஆவதுண்டு. அதுவரை பிள்ளையைச் சிகிச்சையில்லாமல் வைப்பது கொடுமை.

குமாஸ்தா சொன்னதற்குப் பின்னால் ஒரு நியாயமான கவலை இருக்கிறது. “கவுன்சலிங்கில் சொல்லிக் கொடுத்ததைத்தான் இந்தப் பெண் சொல்கிறாள்” என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கக்கூடும். அதனால் சிகிச்சையில் யாரும் சாட்சியத்தை ஒத்திகை பார்க்கக் கூடாது, தேதியையும் சம்பவ வரிசையையும் பிள்ளையின் வாயில் போடக் கூடாது, அமர்வை வீடியோ எடுக்கக் கூடாது. நீதிமன்றம் கேட்டால் சிகிச்சைக் குறிப்புகளைத் தர வேண்டிவரலாம், ஆகவே குறிப்பு எப்படி எழுதுவீர்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சம்பவத்தைப் பேசாத குழுவில் இந்த ஆபத்து இயல்பாகவே குறைவு. சிறப்பு நீதிமன்றத்தின் அரசு வக்கீலிடம், மகள் சிகிச்சையில் இருக்கிறாள் என்பதை நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது.

நீதிமன்றத்தைப் பற்றி அவளுக்கு இருக்கும் பயத்தைக் குறைக்க இவையும் தெரிந்திருக்கட்டும்: சாட்சி சொல்லும்போது அவள் அந்த ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது. விசாரணை மூடிய அறையில் நடக்கும். நம்பும் ஒருவர் கூட இருக்கலாம். நடுவில் இடைவெளி கேட்கலாம். மாவட்டக் குழந்தைகள் நலக் குழு வழியாக, விசாரணை முடியும்வரை கூட வரும் ஆதரவு நபர் ஒருவரையும் பெறலாம். இதுவரை யாரும் நியமிக்கப்படவில்லை என்றால் இந்த வாரமே கேளுங்கள்.

பஸ் செலவும் சனிக்கிழமைச் சம்பள இழப்பும் உங்களுக்குச் சுமை என்று எழுதியிருக்கிறீர்கள். 2020 போக்சோ விதிகளின்படி, வழக்கு முடியும் முன்பே இடைக்கால இழப்பீடு தரச் சிறப்பு நீதிமன்றம் உத்தரவிடலாம். போக்குவரத்து, சாப்பாடு போன்ற உடனடித் தேவைக்குக் குழந்தைகள் நலக் குழுவும் சிறப்பு உதவி பரிந்துரைக்கலாம். மனு எழுத மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக உதவி கிடைக்கும்.

இனி அந்த ஆள். வீட்டுப் பக்கம் வந்தாலோ, சொந்தக்காரர் வழியாகச் சமாதானம் பேசினாலோ, வழக்கைத் திரும்பப் பெறச் சொன்னாலோ, தேதியோடு குறித்து வைத்து விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள். ஜாமீனை ரத்துசெய்யக் கோர அது ஆதாரமாகும். மிரட்டல் இருந்தால் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில் பாதுகாப்புக் கேட்கலாம். கோயில் நோம்பிக்குப் பங்காளிகள் எல்லோரும் கூடுவார்கள், அதற்கு மகளை எப்படிக் கூட்டிப் போவது என்று கேட்டிருந்தீர்கள். அவளை வீட்டில் விட்டுவிட்டுப் போவது வழியே இல்லை. அந்த ஆள் வரக் கூடாது என்று பெரியவர்களிடம் உங்கள் கணவர் பேச வேண்டும். அவர்கள் கேட்கவில்லை என்றால், இந்த வருடம் உங்கள் குடும்பமே சேர்ந்து வேறு நாளில் போய்ச் சாமி கும்பிட்டு வாருங்கள். ஒதுக்கப்பட்டது தான்தான் என்று அவளுக்குத் தோன்றவே கூடாது.

பரீட்சையும் கல்யாணப் பேச்சும்

குழு காலாண்டுத் தேர்வு முடிந்து தொடங்குகிறது, பன்னிரண்டு வாரம் என்றால் ஜனவரி முதல் வாரத்துக்குள் முடிந்துவிடும். பொதுத்தேர்வுக்கு அதற்குப் பிறகும் நாள் இருக்கிறது. தூக்கமில்லாத பிள்ளைக்குப் படித்தது மனதில் நிற்காது, ஆகவே சிகிச்சை படிப்புக்கும்தான். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸுக்கு விலக்கு கேட்க, மருத்துவக் காரணம் என்று ஒரு வரிக் கடிதம் போதும். விஷயம் தெரிந்த அந்த ஆசிரியையைத் தவிர வேறு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மறந்துவிடுவாள் என்ற கணவரின் எண்ணத்தில் பாசம் இருக்கிறது. ஆனால் எட்டு மாதம் கழித்தும் விளக்கை அணைக்க முடியாத பிள்ளை மறக்கவில்லை, பேசாமல் இருக்கிறாள், அவ்வளவுதான். காலம் மட்டும் ஆற்றும் என்றால் இதற்குள் பஸ்ஸில் எந்தச் சீட்டிலும் உட்கார்ந்திருப்பாள்.

கல்யாணப் பேச்சை உடனே நிறுத்துங்கள். பதினெட்டுக்கு முன் செய்தால் 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி நடத்துகிறவருக்கு இரண்டு வருடம்வரை சிறை. பதினெட்டு முடிந்த பிறகானாலும், நடந்ததை மூடி மறைக்க ஒரு கல்யாணம் என்று அவள் காதில் விழுவது, உன் மதிப்புக் குறைந்துவிட்டது என்று வீடே சொல்வதற்குச் சமம். பொறுப்பு வட்டத்தில் அவள் அழித்த துண்டைப் பெரியம்மா மறுபடி வரைந்துவிடுவார். அவரிடம் சண்டை வேண்டாம். “அவ படிக்கட்டும் அக்கா, அந்தப் பேச்சு இப்ப வேண்டாம்” என்று சொல்லி, மகள் முன்னால் அதைப் பேச விடாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

முடிவு அவளுடையதாக இருக்கட்டும். அவள் உடம்பின் மேல் இருந்த உரிமையை ஒருவன் பறித்தான். சிகிச்சையிலும் கட்டாயம் கூடாது. முன்சந்திப்புக்கும் முதல் மூன்று வாரத்துக்கும் போய்ப் பார்க்கட்டும், பிடிக்கவில்லை என்றால் நிறுத்தலாம் என்று சொல்லுங்கள். நிறுத்துவதானால் ஒரு தடவை நடத்துகிறவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துவது நல்லது, அவள் திடீரென வராமல் போனால் மற்ற பிள்ளைகள் தங்களால்தானோ என்று நினைப்பார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் “என்ன பேசுனீங்க, ஆரெல்லாம் வந்தாங்க” என்று கேட்காதீர்கள். காந்திபுரத்தில் ஏதாவது வாங்கிக் கொடுத்து, பசிக்கிறதா என்று கேட்டால் போதும். சொல்ல வேண்டியதை அவளாகச் சொல்வாள். ராத்திரி விளக்கு எரியட்டும், அதை அணைப்பது குறித்து அவளும் கவுன்சலரும் சேர்ந்து திட்டம் போடுவார்கள். தம்பிக்கு வயதுக்கேற்ற அளவு, “அக்காவுக்கு ஒருத்தர் தப்புப் பண்ணிட்டாரு, அக்கா மேல தப்பில்லை, டாக்டரப் பாக்கறோம்” என்று சொல்லி வைத்தால், அவன் வெளியில் கேட்டுக் குழம்ப மாட்டான்.

பிள்ளைகள் குழு நடக்கும் அதே நேரத்தில் பெற்றோருக்கும் அமர்வு வைக்கிறார்களா என்று கேளுங்கள். நல்ல இடங்களில் வைப்பார்கள். பிள்ளை அன்று கற்ற பயிற்சியை வீட்டில் எப்படித் தொடர்வது, கோபத்தில் கத்தும்போது எப்படிப் பதில் சொல்வது, உங்கள் சொந்தக் குற்ற உணர்ச்சியை எங்கே இறக்கி வைப்பது என்பதெல்லாம் அங்கே பேசுவதற்கு. “நான் ஷிப்டுக்குப் போனதால்தானே” என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் துண்டும் உங்கள் வட்டத்தில் இருக்க வேண்டியதில்லை. கணவரை ஒரு தடவையாவது அழைத்துப் போங்கள், அங்கே வரும் வேறு அப்பாக்கள் பேசுவதை அவர் கேட்கட்டும். வரமாட்டேன் என்றால் நீங்கள் மட்டும் போங்கள். அந்தப் பன்னிரண்டு சனிக்கிழமைக்கும் கம்பெனியில் இப்போதே லீவு சொல்லி வைத்துவிடுங்கள்.